பிறப்புக் கணு

"அக்கா, கல்யாணம் முடிஞ்சிருச்சு" என்றாள் மிருதுளா.

அவள் குரலுக்குப் பின்னால் பஸ் ஹாரனும், ஜன்னலோரம் யாரோ வெள்ளரிப் பிஞ்சு விற்கும் சத்தமும் கேட்டன. எப்சிபா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். தரமணியில், போன் வலையை வடிவமைக்கும் கூடத்தில், அவளைச் சுற்றிலும் ஆட்கள் தத்தம் திரைகளுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் வராந்தாவுக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"எப்போ மக்ளே?"

"இன்னிக்குக் காலைல. ரெஜிஸ்டர் ஆபீஸ்ல. மாலையக்கூட அங்கயே பெஞ்சு மேல வெச்சுட்டு வந்துட்டோம். இப்ப மைசூர் பஸ்ல இருக்கோம். இன்பாவுக்கு அங்க ஆஸ்பத்திரியில வேலை ரெடி."

மிருதுளா முன்பு எப்சிபாவிடம் சோதனைப் பயணியாக வேலை பார்த்தவள். போனைக் கையில் கொடுத்துப் பஸ்ஸிலும் ரயிலிலும் அனுப்பிவைப்பார்கள். எங்கேயாவது பேச்சு அறுபடுகிறதா என்று பார்க்க அவள் வழியெல்லாம் பேசிக்கொண்டே போகவேண்டும். பேச ஆள் கிடைக்காதபோது பக்கத்து சீட்டுக்காரர்களிடம் பேசுவாள். அப்படிப் பாலக்காட்டு ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவன்தான் இன்பரசன், ஆண் நர்ஸ். வேறு சாதி. விஷயம் அரைகுறையாகத் தெரிந்த அன்றே மிருதுளாவின் அண்ணன் நவநீதன், "இன்னொரு தடவ அவன் பேரச் சொன்னா ரெண்டு பேரும் இருக்க மாட்டீங்க" என்று சொல்லியிருந்தான். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. வண்டி துடைத்துக்கொண்டே சொன்னான். அதற்குப் பிறகு அவள் வேலையை விட்டாள், கோயம்புத்தூரில் வேறு வேலைக்குச் சேர்ந்தாள், வீட்டில் எல்லாம் மறந்துவிட்டவள் போல நடந்துகொண்டாள்.

"அக்கா, காலைல அம்மா கூப்பிட்டு எங்க இருக்கன்னு கேட்டாங்க. எப்பவும் கேக்கறதுதான். ஆனா இன்னிக்கு வேலைல இருக்கேன்னு பொய் சொன்னேன். அதான் உங்களக் கூப்பிட்டேன்."

"நான் ஒண்ணு கேக்கட்டுமாக்கா?" இன்பரசனின் குரல் குறுக்கே வந்தது. "பழைய சிம் மாதிரி இந்த நம்பரத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கக் கூடாதா?"

எப்சிபா சிரித்தாள். "அந்தக் காலத்துல இந்த நம்பர், அதாவது முகவரி, இடத்துக்குத்தான் தம்பி. நீங்க இடம் மாறினா அதுவும் மாறும், பேச்சு அறுந்துபோகும். இப்போ முகவரி ஆளுக்கு. பொறந்து பேர் பதியும்போதே கூடச் சேந்துடும், சாகுற வரைக்கும் அதேதான். நீங்க எங்க போனாலும் வலை உங்க பின்னாடி வரும்."

"பின்னாடி இல்ல, முன்னாடி" என்று திருத்தினாள் மிருதுளா. "நாம அடுத்த ஊருக்குப் போறதுக்குள்ள அந்த ஊர்க் கணுவுக்குச் செய்தி போயிரும் இன்பா. இப்படி ஒருத்தர் வர்றாங்க, எடம் ஒதுக்கி வைன்னு. அதனாலதான் அறுபடறதில்ல."

கணு என்பது ஊருக்கு ஒரு கோபுரமும் ஒரு பெட்டியும். அரசு அவற்றைப் பழைய கேபிள் டிவிக்காரர்களிடமே குத்தகைக்கு விட்டிருந்தது. மிருதுளாவின் அப்பா கேபிள் நடத்தியவர். அவர் இறந்தபிறகு அம்மா கனகமணி கணுவைக் குத்தகைக்கு எடுத்து, காரைக்காட்டுப்பாளையத்தின் கணுக்காரம்மா ஆனார். கணுக்காரர்கள் சங்கத்தில் அவர் சொல்லுக்கு மரியாதை அதிகம்.

"கணுக்காரங்களுக்குப் பேரு தெரியாது, வெறும் நம்பர்தான் தெரியும்னு நீங்க சொல்லுவீங்க. எங்கம்மாவுக்கு என்ற நம்பர் மனப்பாடம்க்கா. லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் திரையில நம்பரப் பாத்ததும் கொள்ளு ரசத்த அடுப்புல ஏத்திருவாங்க. நான் பஸ்ஸ விட்டு எறங்கி வீட்டுக்குள்ள நுழையறப்ப கொதிச்சுட்டிருக்கும்."

"இப்போ போற வழில அம்மாவோட கணு வருதா?"

"இல்ல. ஆனா நல்லூர்மேடு வருது. அது மாமனோட கணு. அவருக்கும் என்ற நம்பர் தெரியும். அதத் தாண்டிட்டா மலை. மலை ஏறிட்டா கர்நாடகா, அங்க எங்க ஆளுங்க யாரும் இல்ல."

"வேற வழியாப் போக முடியாதா?"

"எந்த வழியாப் போனாலும் யாராச்சும் ஒரு சொந்தக்காரங்க கணு இருக்கும். போன அணைச்சா அதுல இருக்கற டிக்கெட்டும் செத்துரும், கண்டக்டர் எறக்கி விட்டுருவாரு."

எப்சிபா யோசித்தாள். அதிக நேரம் யோசிக்கவில்லை. சோதனைப் பயணிகளின் பட்டியலில் மிருதுளாவின் பெயர் இன்னும் நீக்கப்படாமல் இருந்தது. அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு வெளியே தெரியும் நம்பரை மாற்றிக் கொடுக்க அவளுக்கு அதிகாரம் உண்டு.

"உன் நம்பர மாத்திடறேன். உள்ளுக்குள்ள பேர் அதேதான். வெளிய தெரியறது மட்டும் புதுசு. உங்க மாமா பாத்தாலும் யாரோ போறாங்கன்னு இருப்பாரு."

"கால் கட்டாயிராதா?"

"கட்டாகாது. அதுக்குத்தானே நீயும் நானும் இத்தனை வருஷம் பாடுபட்டோம்?"

உள்ளே போய், நின்றபடியே திரையில் நாலைந்து இடத்தில் தொட்டாள். மிருதுளாவின் குரல் இடையில் ஒரு எழுத்துக்கூட விடுபடாமல் தொடர்ந்து வந்தது. இன்பரசனுக்குப் பஸ் பயணம் ஒத்துக்கொள்ளாதாம். மலை வளைவுகளுக்காக ஒரு எலுமிச்சம்பழத்தைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறானாம். "ஊருக்கெல்லாம் ஊசி போடறவன், பஸ்ஸுல வாந்தி எடுக்கறான்க்கா" என்று அவள் சிரித்தாள். "மாத்தியாச்சு" என்று எப்சிபா சொன்னதும் அந்தச் சிரிப்பு நின்றது. பிறகு, "தேங்க்ஸ்க்கா" என்றாள், வேறொரு குரலில். மலை தாண்டும்வரை பேசிக்கொண்டே போகலாம் என்று முடிவு செய்தார்கள்.

நல்லூர்மேட்டில் பஸ் நின்றது. மிருதுளா பேச்சை நிறுத்தினாள்.

"அக்கா. அம்மா."

"என்ன?"

"பஸ் ஸ்டாண்டுல அம்மா நிக்கறாங்க. தனியா. கால்ல செருப்புகூட இல்ல."

"இறங்காத. மிருதுளா, இறங்கவே இறங்காத."

ஜன்னல் கம்பியைத் தட்டும் ஓசை கேட்டது. பிறகு ஒரு பெண்ணின் குரல், உடைந்துபோய்: "கண்ணு, எறங்கு சாமி. ஒரே ஒரு தடவ மொகத்தப் பாத்துட்டுப் போயிர்றேன். உன்ன ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்."

"அழறாங்கக்கா. அப்பா செத்தப்பகூட அவங்க அழுது நான் பாத்ததில்ல."

"டிரைவர்கிட்ட சொல்லு, வண்டிய எடுக்கச் சொல்லு!"

"பஸ் கொஞ்ச நேரம் நிக்கும் மிரு" என்றான் இன்பரசன். "கால்ல விழுந்து ஆசீர்வாதம் வாங்கிட்டு வந்துரலாம். அவங்க தனியாத்தான இருக்காங்க."

எப்சிபா கத்தினாள். கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மிருதுளா போனைக் கைப்பைக்குள் போட்டிருக்கவேண்டும். அதற்குப் பிறகு எல்லாச் சத்தமும் துணிக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. படிகளில் காலடி. "நல்லாயிருங்க" என்று கனகமணியின் குரல். உடனே கார்க் கதவுகள். "அண்ணா, அண்ணா, ஒரு நிமிஷம் கேளுங்க" என்று இன்பரசன் சொல்லச் சொல்ல அவன் வாயை யாரோ பொத்தினார்கள்.

"அம்மா, அவர விடச் சொல்லும்மா. அம்மா, இங்க பாரு. அம்மா!"

கதவுகள் அறைந்து சாத்தப்பட்டன. கார் கிளம்பிவிட்டது.

எப்சிபாவின் திரையில் புதிய நம்பர் நகர ஆரம்பித்தது. ஒரு கணு விடுவதற்குள் அடுத்த கணு தயாராக இருந்தது. அவள் இன்னொரு போனில் போலீஸைப் பிடித்தாள்.

"எந்த ஸ்டேஷன் லிமிட்டுங்க மேடம்?"

சொன்னாள்.

"அது பக்கத்து ஸ்டேஷனுங்க. நம்பர் தர்றேன், குறிச்சுக்குங்க."

பக்கத்து ஸ்டேஷனில் ஒருவர் பொறுமையாகக் கேட்டார். "எங்க வெச்சுத் தூக்குனாங்க? நல்லூர்மேடுங்களா? அப்ப அங்கதான் கம்ப்ளெய்ண்ட் குடுக்கோணும்."

"வண்டி ஓடிக்கிட்டிருக்கு சார்! இப்போ உங்க ஊருக்குள்ளதான் வந்திருக்கு. வெளிய வந்து மறிங்க!"

"வண்டி நம்பர் சொல்லுங்க."

அது தெரியாது. அவளுக்குத் தெரிந்தது உள்ளே இருப்பவளின் நம்பர்தான். அவர் யாரிடமோ எதையோ விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தபோது திரையில் அடுத்த கணு ஒளிர்ந்தது.

"மேடம், எங்க லிமிட்டத் தாண்டிருச்சுன்னு நீங்களே சொல்றீங்களே."

ஓடும் ஒன்றை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத் தவறவிடாமல் கொடுக்க அந்த வலைக்குத் தெரிந்திருந்தது. அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களுக்கு அது தெரியவில்லை.

அவள் மேலதிகாரி வரதன் பின்னால் வந்து நின்றார். "யாருக்கு இடத்தச் சொல்லிட்டிருக்க எப்சிபா?"

"போலீஸுக்கு."

"சம்பந்தப்பட்டவங்க சம்மதம் இல்லாம இடத்த வெளிய சொல்லக் கூடாது. விதிய எழுதினதே நீதான்."

"சார், அவளக் கொல்லப் போறாங்க."

வரதன் கெட்டவர் அல்ல. போலீஸ் எழுத்தில் கேட்டால் உடனே தருவதாகச் சொன்னார். தனக்குத் தெரிந்த ஒரு பெரிய அதிகாரிக்குத் தானே போன் போட்டார். அதிகாரி கூட்டத்தில் இருந்தார்.

திரையில் நம்பர் ஓரிடத்தில் நின்றது. அசைவு இல்லை என்று காட்டியது. கைப்பை தரையில் விழும் சத்தம். மிருதுளா இப்போது யாரையும் கூப்பிடவில்லை. மூச்சு மட்டும் கேட்டது, வேகமாக, காய்ச்சல்காரக் குழந்தையைப் போல. பிறகு ஒரு அடி. இன்னொன்று. பிறகு அந்த மூச்சும் கேட்கவில்லை. நவநீதனின் குரல் நிதானமாக வந்தது.

"செருப்பக் கழட்டு. தண்டவாளத்துக்குப் பக்கத்துல ஜோடியா வெய்யி. ரெண்டு பேருதும். அவங்களா வந்து படுத்தாப்புல இருக்கோணும்."

கொஞ்ச நேரம் கழித்து ரயில் வந்தது. அது போனபிறகும் தொடர்பு அறுபடவில்லை. மைனாக்கள் கத்துவது தெளிவாகக் கேட்டது. எப்சிபாவால் அதைத் துண்டிக்க முடியவில்லை. வரதன்தான் அவள் தோளுக்கு மேல் கை நீட்டித் துண்டித்தார்.

காதல் ஜோடி தற்கொலை என்று பேப்பரில் வந்தது. எப்சிபா நல்லூர்மேட்டுக்குப் போய், கேட்டதையெல்லாம் இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.

"குரல் நவநீதனோடதுன்னு எப்படிச் சொல்றீங்க? அவரோட பேசியிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப அந்தப் பொண்ணோட பயணத் தடம் வேணும். பஸ்ஸுல போனவ எறங்கி எந்த வேகத்துல எந்த வழியா போனான்னு அதுல இருக்கும். ஆனா வாரிசு சம்மதிக்காம உங்க ஆபீஸ் தராது. கோர்ட்டும் தற்கொலைன்னு எழுதின கேஸுல கட்டாயப்படுத்தாது. புருஷனும் போயாச்சு. இனி அம்மாதான் வாரிசு."

இன்பரசனின் அப்பா ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். மகனின் தடத்துக்குக் கேட்டவுடனே சம்மதம் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "இன்னும் எங்காச்சும் கைரேகை வெக்கணுமா தாயி?" என்று கேட்டார். அந்தத் தடம், அவன் போன் கிடந்த நல்லூர்மேடு பஸ் ஸ்டாண்டின் குப்பைத் தொட்டியோடு நின்றிருந்தது.

ஆகவே எப்சிபா காரைக்காட்டுப்பாளையத்துக்குப் போனாள். போகாதே என்று வரதன் சொன்னார், இன்ஸ்பெக்டரும் சொன்னார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று இருந்தது அவளுக்கு.

கனகமணி வாசலிலேயே நின்றார். வெளுத்த பருத்திப் புடவை, நெற்றியில் திருநீறு. "வா அம்முணி. நீ பஸ்ஸேறினப்பவே தெரியும்" என்று உள்ளே கூட்டிப்போனார். முன்னறையில் ஒரு அலமாரிக்குள் கணு முனகிக்கொண்டிருந்தது. சுவரில் பெரிய திரை. அதில் நம்பர்கள் மேலே ஏறி மறைந்துகொண்டிருந்தன. பக்கத்தில் மிருதுளாவின் போட்டோ, பள்ளிக்கூட யூனிஃபார்மில், மாலையோடு.

எப்சிபா வந்த காரியத்தைச் சொன்னாள். கனகமணி திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"சம்மதந்தான வேணும்? தர்றேன்" என்றார். "ஆனா அதத் தொறந்தா மொதல்ல என்ன வரும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். உங்க மகனோட கார் போன வழி வரும்."

"இல்ல. உன்ற பேரு வரும்."

எப்சிபாவுக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு நான் இங்கதான் உக்காந்து அவரைக்காய் நறுக்கிட்டிருந்தேன். புள்ள கோயமுத்தூர்ல வேலைக்குப் போயிருக்கறான்னு நெனச்சுட்டிருந்தேன். காலைல சும்மாதான் போன் போட்டேன். அப்பறம் இந்தத் திரையில செவப்பா ஒரு வரி வந்துச்சு. உங்க கணுவுல பொறந்த நம்பர் மாறியிருக்குது. பழசு இது, புதுசு இது. இப்ப இன்ன கணுவுல இருக்குது, அடுத்தாப்புல நல்லூர்மேடு போகுது. மாத்துனது எப்சிபா, தரமணி."

எப்சிபாவுக்கு இப்போது புரிந்தது. நம்பர் மாறினால் பிறப்புக் கணுவுக்கு, அதாவது ஆள் பிறந்து பதிவான ஊரின் கணுவுக்கு, தெரிவித்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் பழைய நம்பரில் தேடுகிறவர்களுக்கு ஆள் கிடைக்காது. அந்தப் பகுதியை எழுதியது அவள்தான்.

"அது பெட்டிக்குப் போற செய்தி" என்றாள். "மனுஷங்க பாக்கறதுக்கு இல்ல. திரையில வரவே கூடாது."

"சங்கத்துல கேட்டு வாங்குனோம். நம்மூருப் புள்ளைங்க நம்பர மாத்திக்கிட்டா நமக்குத் தெரிய வேண்டாமான்னு நான்தான் எந்திரிச்சுக் கேட்டேன். உங்க ஆபீஸ்லயே வேற ஆளுங்க வந்து போட்டுக் குடுத்துட்டுப் போனாங்க."

"நான் மாத்தாட்டாலும் நல்லூர்மேட்டுல அவ மாமா பாத்திருப்பாரு."

"அவன் அன்னிக்குப் பழனிக்குப் போயிருந்தான். மொட்டை போட. கணு பூட்டிக் கெடந்துச்சு, திரையப் பாக்க ஒரு ஆளு இல்ல." கனகமணி அதைக் காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னார். "நீ சும்மா இருந்திருந்தீன்னா என்ற புள்ள மலையேறிருக்கும். நானும் கொஞ்ச நாளு அழுதுபோட்டு விட்டிருப்பேன். எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நீதான் அம்முணி. இப்பச் சொல்லு, தொறக்கட்டுமா?"

திரையில் நம்பர்கள் ஏறிக்கொண்டே இருந்தன. பின்கட்டில் யாரோ பாத்திரம் விளக்கினார்கள். எப்சிபா திரையைப் பார்த்தாள். வேலை போகும், அது பரவாயில்லை. இன்பரசனின் அப்பா அவளை இனி எப்படிப் பார்ப்பார் என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

"என் பேரு வரட்டும்" என்றாள். "தொறங்க."

கணுவின் கைரேகைக் கண்ணாடியை நோக்கி நீண்டிருந்த கனகமணியின் பெருவிரல் அந்தரத்தில் நின்றது. அவர் முதல்முறையாக எப்சிபாவை நேராகப் பார்த்தார். பிறகு விரலை மடக்கி, கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். "கெளம்பு."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பத்திரிகைக்காரர்களிடம் என்ன சொல்வது என்று எப்சிபா மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கினாள். தடம் இல்லாவிட்டால் போகட்டும். தன் தவறிலிருந்தே தொடங்கலாம். சொல்லச் சொல்ல யாராவது கேட்பார்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளுக்கு லேசாகப் பசித்தது.

நல்லூர்மேட்டில் பஸ் நின்றதும் ஒருவர் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, மொட்டை போட்டு முளைத்திருந்த குட்டை முடி. கையில் சீவிய இளநீர்.

"எப்சிபா மேடமுங்களா? நான் மிருதுளாவோட மாமனுங்க. இந்தூர்க் கணு நம்மளதுதான். நீங்க சாப்புடாமப் போறீங்கன்னு அக்கா சொன்னாங்க. இந்தாங்க, வெயிலா இருக்குது."

இளநீர் ஜன்னல் வழியாக அவள் கைக்கு வந்துவிட்டது.

"உங்க தங்கச்சி பெர்லின் இன்னிக்கு உங்கூரு நாகர்கோவில்ல இருந்து திருச்சிக்குப் பரீட்சை எழுதப் போறாங்க போல" என்றார் அவர். "தனியாத்தான் போறாங்க. இப்பக் கோவில்பட்டி தாண்டியாச்சுங்க. உங்கூர்க் கணுக்காரரும் நம்ம சங்கந்தான். திருச்சி வரைக்கும் வழி நெடுக நம்ம ஆளுங்க இருக்கறாங்க. பத்திரமாப் பாத்துக்குவாங்க. நீங்க ஒண்ணுக்கும் கவலப்படாதீங்க."

அவர் சிரித்த முகமாகவே இருந்தார். ஜன்னல் கம்பியில் வைத்த கையை எடுக்கவில்லை. டிரைவர் ஏறி உட்கார்ந்தார், பஸ் உறுமியது.

"சரிங்களா மேடம்?"

எப்சிபா அவர் கையைப் பார்த்தாள். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார்.

"சரிங்க" என்றாள். பிறகு, அது போதாதோ என்று பயந்து, "ரொம்ப நன்றிங்க" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டுக் கையை எடுத்தார். ஆனால் நகரவில்லை, அவள் கையிலிருந்த இளநீரைப் பார்த்தபடி நின்றார். எப்சிபா அதை வாயில் வைத்துக் குடித்தாள்.